இரண்டு மாக்மாக்கள் கலந்தால் பாறையில் என்ன தெரியும்?

கேள்வி இதுதான்: ஒரே எரிமலை கக்கிய பாறைகளில் ஒன்றில் சிலிக்கா (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம்) 50 சதவீதம், இன்னொன்றில் 60, வேறொன்றில் 70 என்று இருக்கிறது. மாக்மாக்கள், அதாவது நிலத்தடியில் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்புகள், ஒன்றோடொன்று கலப்பதுதான் இதற்குக் காரணம் என்கிறார்கள். அது எப்படி நடக்கிறது? கலந்துதான் வந்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கலப்பு நடக்கிறது, அடிக்கடியே நடக்கிறது. ஆனால் கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம் தேவை. கலப்பது என்பதே வேறுபாட்டைக் குறைக்கும் வேலை. இரண்டு குழம்புகள் முழுசாகக் கலந்து முடிந்தால் மிஞ்சுவது ஒரே குழம்பு, ஒரே சராசரி. அப்படியிருக்க எரிமலைப் பாறைகளில் இத்தனை நிறபேதமும் எண்பேதமும் ஏன் என்றால், கலப்பு முடிவதற்குள் எரிமலை வெடித்துவிடுகிறது. நம் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பாதியில் நின்றுபோன கலப்பு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் பின்னணி. மாக்மாவின் வேதியியல் மாறுவதற்குப் பாடப்புத்தகங்கள் சொல்லும் முதன்மையான வழி, படிகங்கள் பிரிந்துபோவது. சிலிக்கா குறைந்த கரும்பாறையான பசால்ட்டின் குழம்பு குளிரும்போது ஒலிவின், பைராக்சீன், கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸ் போன்ற கனிமங்கள் முதலில் படிகமாகின்றன. இவற்றில் சிலிக்கா குறைவு, மக்னீசியமும் இரும்பும் கால்சியமும் அதிகம். அவை அடியில் தங்கிவிட்டால் மீதிக் குழம்பில் சிலிக்காவின் பங்கு ஏறுகிறது. இந்தக் கருத்தை ஆய்வகச் சோதனைகளால் நிலைநிறுத்தியவர் என்.எல். போவன். அவருடைய 1928ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகு பல பத்தாண்டுகள் பாறையியலில் இதுவே முதல் விளக்கமாக இருந்தது.

ஆனால் கலப்புக் கருத்து போவனுக்கு முக்கால் நூற்றாண்டு மூத்தது. அதைச் சொன்னவர் ராபர்ட் பன்சன். ஆம், பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பன்சன் அடுப்போடு பெயர் சேர்ந்த அதே வேதியியலாளர். 1845இல் ஐஸ்லாந்தின் ஹெக்லா எரிமலை வெடித்ததை அடுத்து, 1846இல் அவர் அங்கே போனார். பாறைகளையும் வெந்நீர் ஊற்றுகளையும் ஆராய்ந்து, பாறை மாதிரிகளின் வேதிப் பகுப்பாய்வை 1851இல் வெளியிட்டார். ஐஸ்லாந்தின் பாறைகளெல்லாம் இரண்டு எல்லைக் குழம்புகளுக்கு நடுவே வரிசையாக அமைகின்றன என்று அவர் கண்டார். ஒரு முனையில் சிலிக்கா ஏறக்குறைய 77 சதவீதம், மறுமுனையில் 48. நடுவில் உள்ளவை இந்த இரண்டும் வெவ்வேறு அளவில் கலந்தவை என்பது அவர் முடிவு. ஒரு பாறையில் சிலிக்காவின் அளவு தெரிந்தால் கலப்பு விகிதம் தெரியும், விகிதம் தெரிந்தால் மற்ற ஆக்சைடுகளின் அளவையும் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். அந்தக் காலத்துக்கு இது அசாத்தியத் துணிச்சல். எல்லாப் பாறைக்கும் இது பொருந்தாது என்பது பின்னால் தெரிந்தது. போவனின் காலத்தில் பன்சனின் கருத்து ஏறக்குறைய ஓரங்கட்டப்பட்டது. 1970களில்தான் அது மீண்டும் உயிர் பெற்றது. பன்சனுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை தாமதமாகக் கிடைத்தது என்றே நான் நினைக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். சிலிக்கா 50 சதவீதமுள்ள பசால்ட்டையும் 74 சதவீதமுள்ள ரியோலைட்டையும் சரிபாதியாகக் கலந்தால் 62 வரும். எந்தத் தனிமத்தை எடுத்தாலும் இதே சராசரிக் கணக்குதான். ஆகவே ஒரு தனிமத்தை இன்னொன்றுக்கு எதிராக வரைபடத்தில் குறித்தால், கலந்த பாறைகளெல்லாம் இரண்டு முனைகளையும் சேர்க்கும் நேர்கோட்டில் விழும். படிகம் பிரிவதால் வரும் பாதை அப்படி இருக்காது. குளிரக் குளிரப் பிரியும் கனிமம் மாறுவதால் அது வளையும், சில இடங்களில் முறியும்.

இதை நிக்கல் மாதிரி அழகாகக் காட்டும் தனிமம் வேறு இல்லை. ஒலிவின் படிகம் நிக்கலைக் கண்டபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே சொன்ன பசால்ட்டில் பத்து லட்சத்தில் 120 பங்கு நிக்கல், ரியோலைட்டில் வெறும் 2 பங்கு என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சரிபாதி கலந்தால் சிலிக்கா 62இல் நிக்கல் 61 இருக்கும். அதே பசால்ட் படிகம் பிரிந்து பிரிந்து 62க்கு வந்திருந்தால்? பிரியும் படிகங்கள் குழம்பில் இருப்பதைப்போல ஐந்து மடங்கு நிக்கலை எடுத்துக்கொள்கின்றன என்று வைத்தால், பாதிக் குழம்பு உறைந்ததுமே மீதியில் நிக்கல் 7, 8 பங்குக்கு இறங்கிவிடும். 62க்குப் போய்ச் சேர்வதற்குள் அதுவும் இருக்காது. 61க்கும் 7க்கும் உள்ள வித்தியாசம் எந்த ஆய்வகத்திலும் தெரியும். சிலிக்கா கூடுதலாக இருந்தும் நிக்கலோ குரோமியமோ மிதமிஞ்சி இருக்கும் பாறையைக் கண்டால், கலப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த சாட்சி ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள். படிகம் பிரிவதால் ஸ்ட்ரான்சியம் 87க்கும் 86க்கும் உள்ள விகிதம் மாறாது, ஏனென்றால் படிகத்துக்கு அந்த இரண்டையும் இனம் பிரித்து எடுக்கத் தெரியாது. கலப்பால் மாறும். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகத்திலிருந்து வந்த பசால்ட்டில் விகிதம் 0.703, ஸ்ட்ரான்சியம் பத்து லட்சத்தில் 600 பங்கு என்று வைப்போம். பழைய மேலோடு உருகி வந்த குழம்பில் விகிதம் 0.715, ஸ்ட்ரான்சியம் 150 பங்கு. சரிபாதி கலந்தால் விகிதம் நடுவே 0.709இல் நிற்கும் என்று தோன்றும். நிற்காது. பசால்ட் நான்கு மடங்கு ஸ்ட்ரான்சியத்தைக் கொண்டுவருவதால் அதன் குரல்தான் ஓங்கும், விடை 0.7054. எனவே விகிதங்களை வைத்து வரைந்தால் கலப்புப் பாதை நேர்கோடாக வராது, அதிபரவளைவாக வளையும். கோடு வளைந்திருக்கிறது, ஆகவே கலப்பு இல்லை என்று யாராவது சொன்னால், அச்சுகளில் இருப்பது செறிவா விகிதமா என்று முதலில் பாருங்கள்.

உருகிய பாறையோடு கலப்பதும், சுற்றியுள்ள திடப்பாறையை உருக்கி விழுங்குவதும் கணக்கில் ஒரே மாதிரி தெரியும். மகாராஷ்டிரத்தின் தக்காணப் பசால்ட்டுகளில் புஷே அடுக்கின் ஸ்ட்ரான்சியம் விகிதம் தூக்கலாக இருப்பதற்கு இந்த இரண்டாவது வகை, அதாவது மேலோட்டுப் பாறை சேர்ந்ததுதான் காரணம். மகாபலேஸ்வரம் பக்கம் கிடைக்கும் அம்பேநளி அடுக்கில் அந்தக் கறை மிகக் குறைவு. இரண்டும் கண்ணுக்கு ஒரே கருப்புப் பசால்ட்தான்.

நேர்கோடு மட்டும் போதுமா? போதாது. உறைந்த படிகக் கூட்டத்திலிருந்து இடையில் உள்ள குழம்பைப் பிழிந்தெடுத்தாலும் நேர்கோடு வரும். படிகமும் குழம்பும் வெவ்வேறு அளவில் சேர்ந்ததும் கணக்கில் ஒரு கலப்புதானே. பாறையை முழுசாக அரைத்துப் பொடியாக்கி அளந்த எண்ணை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அரைக்கும்போது நாமே ஒரு கலப்பைச் செய்துவிடுகிறோம். பாறை தானாகக் கலக்காமல் விட்டுவைத்ததைக்கூட அரவை இயந்திரம் கலந்துவிடும். ஆகவே 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த பாறைச் சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

அங்கே என்ன தெரியும்? ஜப்பானின் உன்சென் எரிமலையை எடுத்துக்கொள்வோம். 1991 ஜூன் 3 அன்று அதன் நெருப்புச் சாம்பல் வெள்ளத்தில் 43 பேர் இறந்தார்கள். எரிமலைகளைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற கிராஃப்ட் தம்பதியும் ஆய்வாளர் ஹாரி கிளிக்கனும் அவர்களில் உண்டு. அந்த வெடிப்பின் டேசைட் பாறையில் (சிலிக்காவில் ரியோலைட்டுக்கு ஒரு படி கீழானது) வெள்ளை வெள்ளையாகப் பெரிய பிளாஜியோகிளேஸ் படிகங்கள் வெறும் கண்ணுக்கே தெரியும். கலந்த பாறைகளில் இப்படிப்பட்ட படிகம் ஒன்றை நடுவிலிருந்து ஓரம் வரை படித்துப் பார்த்தால் போதும், கதை முழுக்க வந்துவிடும். நடுப்பகுதி தெளிவாக இருக்கும், சோடியம் மிகுதி. குளிர்ந்த, சிலிக்கா மிகுந்த குழம்பில் நிதானமாக வளர்ந்த பகுதி அது. அப்புறம் திடீரென்று ஒரு கலங்கிய வளையம். உற்றுப் பார்த்தால், படிகம் சல்லடைபோல் அரிக்கப்பட்டு, ஓட்டைகளில் கண்ணாடித் துளிகள் (படிகமாகாமல் சட்டென்று உறைந்த குழம்பு) சிக்கியிருக்கும். சூடான புதுக் குழம்பு வந்து சேர்ந்ததில் படிகம் கரையத் தொடங்கிய தடம் அது. அதைச் சுற்றி மறுபடி தெளிவான மெல்லிய ஓரம், இம்முறை கால்சியம் மிகுதி. குளிர்ந்துகொண்டே போகும் ஒரே குழம்பில் பிளாஜியோகிளேஸ் ஓரத்தை நோக்கிச் சோடியம் கூடித்தான் வளர வேண்டும். இங்கே தலைகீழாக இருக்கிறது. சூடு ஏறியிருக்கிறது, கூடவே வேதியியலும் மாறியிருக்கிறது. உன்சென் விஷயத்தில் 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய, படிகம் நிறைந்த குழம்புக்குள் 1,000 டிகிரிக்கு மேலான குழம்பு புகுந்தது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இன்னொரு அடையாளம், சேர்ந்திருக்கக் கூடாதவை சேர்ந்திருப்பது. மக்னீசியம் மிகுந்த ஒலிவினும் குவார்ட்ஸும் ஒரே குழம்பில் சமநிலையில் இருக்க முடியாது. இரண்டும் வினைபுரிந்து பைராக்சீன் ஆகிவிடும். அப்படியிருந்தும் சில பாறைகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. குவார்ட்ஸைச் சுற்றிப் பச்சையாகக் குட்டிக் குட்டிப் பைராக்சீன் ஊசிகள் உறைபோட்டிருக்கும். ஒலிவினின் ஓரத்திலும் பைராக்சீன் விளிம்பு கட்டியிருக்கும். வெவ்வேறு குழம்பில் வளர்ந்து கடைசி நேரத்தில் ஓரிடத்தில் வந்து சேர்ந்தவை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. இன்னும் கொஞ்ச காலம் கொடுத்திருந்தால் இரண்டில் ஒன்றாவது கரைந்து காணாமல் போயிருக்கும்.

இப்போது, கலப்பு ஏன் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை? முதல் தடை வெப்பம். பசால்ட் 1,150 டிகிரியை ஒட்டி வருகிறது; அது புகும் மாக்மா அறையில், அதாவது குழம்பு தேங்கும் நிலத்தடி இடத்தில், இருக்கும் ரியோலைட் 800 டிகிரி அளவில் இருக்கும். பசால்ட் சட்டென்று குளிர்ந்து படிகமாகிக் கெட்டிப்படத் தொடங்கும். இரண்டாவது தடை பாகுத்தன்மை. ரியோலைட்டின் பாகுத்தன்மை பசால்ட்டைவிடப் பத்தாயிரம் மடங்கும் அதற்கு மேலும் இருக்கலாம். மூன்றாவது தடை அடர்த்தி. பசால்ட் கனமானது, அடியிலேயே தேங்கப் பார்க்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, அணுக்கள் நகரும் வேகம். மாக்மாவில் வெப்பம் ஒரு மீட்டர் தூரம் பரவ ஏறக்குறைய 12 நாள் ஆகும். தனிமங்கள் குழம்புக்குள் ஊடுருவிப் பரவுவதோ அதைவிடப் பத்து லட்சம் மடங்கு மெதுவாக நடக்கலாம். அந்த 12 நாளில் அவை கடக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டர். ஒரு மீட்டர் போக வேண்டுமானால் 30,000 ஆண்டுகள். சிலிக்கா போன்றவை இன்னும் மந்தம். ஆக, இரண்டு குழம்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தால் சூடு சமமாகிவிடும், வேதியியல் சமமாகாது.

அப்படியானால் கலப்பு எப்படித்தான் நடக்கிறது? இழுத்து மடிப்பதால். பரோட்டா மாவை வீசி இழுத்து மடிக்க மடிக்க அடுக்குகள் பெருகி ஒவ்வொன்றும் மெலிவதுபோல, அறைக்குள் சுழலும் குழம்பும் இழுபட்டு மடிபட்டு மெல்லிய பட்டைகளாகிறது. ஒவ்வொரு மடிப்பிலும் தடிமன் பாதியாகும். ஒரு மீட்டர் தடிமனுள்ள பட்டை பத்து மடிப்பில் ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் வந்துவிட்டால் மீதியை ஊடுபரவல் 12 நாளில் முடித்துவிடும். முப்பதாயிரம் ஆண்டு வேலையைப் பத்து மடிப்பு சில வாரங்களுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. மாக்மாக் கலப்பின் சாரமே இதில் இருக்கிறது.

ஆனால் அறை முழுவதும் ஒரே சீராக மடிபடுவதில்லை. ஓரிடத்தில் முப்பது மடிப்பு விழுந்திருக்கும், பக்கத்திலேயே ஒரு திட்டு அப்படியே தப்பித்திருக்கும். வேகமாகப் பரவும் சோடியம் முன்னால் போய்விடும், சிலிக்கா பின்தங்கும். அதனால் பாதிக் கலப்பில் எல்லாத் தனிமங்களும் ஒரே நேர்கோட்டில் ஒழுங்காக நிற்பதில்லை. கோட்டைச் சுற்றிச் சிதறும். அந்தச் சிதறலை அளவுப்பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதிலும் தகவல் இருக்கிறது.

மடிப்பு பாதியில் நின்றால் எப்படி இருக்கும் என்பதைக் கலிபோர்னியாவின் லாசன் சிகரத்தில் பார்க்கலாம். 1915 மே 22 அன்று அது பெரிதாக வெடித்தபோது வந்த நுரைக்கல்லில் வெள்ளைப் பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறி ஓடுகின்றன. வெளிர் நிறம் டேசைட், கரிய நிறம் அதைவிடச் சிலிக்கா குறைந்த ஆண்டிசைட். உள்ளங்கையில் அடங்கும் ஒரே துண்டில் இரண்டு பாறைகள். அந்தத் துண்டை முழுசாக அரைத்து அளந்தால் வரும் சிலிக்கா சதவீதம், எங்கே உடைத்தோம் என்பதைப் பொறுத்து மாறும். மாணவர்களுக்குக் கலப்பைப் பற்றி விளக்க ஒரே ஒரு மாதிரிதான் காட்டலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

மடியவே மறுக்கும் நிலையும் உண்டு. புகுந்த பசால்ட்டின் பங்கு குறைவாக இருந்தால், அது சூட்டையெல்லாம் இழந்து உறைந்து, உருண்டை உருண்டையாகத் தனித்தே நின்றுவிடும். டேசைட் பாறைச் சுவரில் கரிய திட்டுகளாகத் தெரிபவை இவைதான். ஓரம் நெளிநெளியாக இருக்கும். ஓரத்துப் படிகங்கள் உள்ளே இருப்பவற்றைவிட நுண்ணியவை, ஏனென்றால் ஓரம்தான் முதலில் குளிர்ந்தது. உள்ளே சிறு சிறு வாயுக் குமிழிகள். இந்தக் குமிழிகளை அலட்சியப்படுத்தக் கூடாது. பசால்ட் படிகமாகும்போது அதில் கரைந்திருந்த நீர் ஆவியாகப் பிரிந்து குமிழியாகிறது; குமிழி பிடித்ததும் அடியில் தேங்கிக் கிடந்த கனமான பசால்ட் இலேசாகி மேலே எழுகிறது. அடர்த்தித் தடையைக் கடக்கும் வழியை மாக்மாவே இப்படித் தேடிக்கொள்கிறது. பசால்ட்டின் பங்கு கூடுதலாக இருந்தாலோ கதை வேறு: கலவையின் சமநிலை வெப்பம் உயரும், இரண்டும் குழம்பாகவே நீடிக்கும், ஒரே சீரான பாறை வரை போக வாய்ப்புண்டு.

இதையெல்லாம் நாள்வாரியாகக் கண்ணெதிரே காட்டிய எரிமலை ஐஸ்லாந்தின் எய்யாஃபியாத்லயோகுல். 2010 ஏப்ரலில் ஐரோப்பிய வான்வெளியை மூடவைத்து ஒரு லட்சத்தை ஒட்டிய விமானப் பயணங்களை ரத்து செய்யவைத்த அதே எரிமலை. செய்திகளில் சாம்பலும் விமானமும்தான் வந்தன. பாறையியலுக்கு அந்தச் சாம்பல் ஒரு பொக்கிஷம், ஏனென்றால் விழுந்த சாம்பலை நாள் நாளாகச் சேகரித்து வைத்தார்கள்.

முதலில் மார்ச் 20 அன்று மலையின் பக்கவாட்டில், ஃபிம்வொர்துஹால்ஸ் என்ற இடத்தில் பசால்ட் வழிந்தது. சிலிக்கா 47 சதவீதத்தை ஒட்டியது. மக்கள் பக்கத்தில் போய் வேடிக்கை பார்க்கும் அளவுக்குச் சாதுவான வெடிப்பு. ஏப்ரல் 12 வாக்கில் அடங்கிவிட்டது. இரண்டே நாளில், ஏப்ரல் 14 அன்று, பனிப்பாறை மூடிய உச்சியில் முற்றிலும் வேறு மாதிரி வெடித்தது. இம்முறை வந்ததில் சிலிக்கா 57, 58 சதவீதம். ஒரு மாதத்தில் பத்து சதவீதம் ஏறுவதற்குப் படிகம் பிரிதலால் முடியாது. அதற்கு அவகாசமே இல்லை.

முதல் சில நாள் சாம்பலில் விடை இருந்தது. ஏப்ரல் 14 முதல் 19 வரை விழுந்த சாம்பல் துகள்களின் கண்ணாடியைத் துகள் துகளாக அளந்தபோது மூன்று வகை கிடைத்தது: பசால்ட் கண்ணாடி, சிலிக்கா மிகுந்த கண்ணாடி, இரண்டுக்கும் இடைப்பட்ட கண்ணாடி. சிலிக்கா மிகுந்த வகையின் வேதியியல், அதே எரிமலை 1821 முதல் 1823 வரை கக்கிய சாம்பலோடு அச்சு அசலாகப் பொருந்தியது. ஏறக்குறைய 190 ஆண்டுகள் அடியில் உறைந்தும் உறையாமலும் கிடந்த பழைய மிச்சத்துக்குள் புதுப் பசால்ட் புகுந்திருக்கிறது. அந்த மிச்சத்தில் சிலிக்கா 70 சதவீதத்தை ஒட்டி, பசால்ட்டில் 47 என்று எடுத்தால், 57, 58 என்பது சரிபாதியை ஒட்டிய கலப்பு. பன்சன் 1851இல் போட்ட அதே கணக்கு, அதே தீவில்.

சராசரி 58 என்று சொல்லும்போது அந்த 58 முழுவதும் ஒரே குழம்பாக இருந்ததா என்றால், அந்த முதல் நாட்களில் இல்லை. 47ஐ ஒட்டியதும் 70ஐ ஒட்டியதும் இடைப்பட்டதும் தூசி அளவில் அருகருகே கிடந்தன.

மே மாதத் தொடக்கத்தில் ஆழத்தில் மறுபடி நிலநடுக்கங்கள் பதிவாயின. கூடவே சாம்பலில் மக்னீசியம் மிகுந்த ஒலிவின் தலைகாட்டியது, கந்தக டை ஆக்சைடு வெளியேற்றம் கூடியது. இன்னும் சூடான, இன்னும் ஆழமான இடத்துப் பசால்ட் புதிதாக வந்து சேர்ந்ததன் அறிகுறிகள் இவை. அந்தச் சூட்டில், அறையில் மிச்சமிருந்த குழம்பு மட்டுமல்லாமல், அறையின் உறைந்த ஓட்டுப் பகுதியும் உருகிக் கலப்பில் சேர்ந்துகொண்டது. அதாவது கலப்பு விகிதம் மட்டும் மாறவில்லை, கலக்கும் இரண்டு முனைகளுமே நாளுக்கு நாள் நகர்ந்தன. நிஜ எரிமலையில் பன்சனின் நேர்கோடு கொஞ்சம் அகன்று பட்டையாவது இதனால்தான். பசால்ட்டின் பங்கு படிப்படியாகக் குறைந்தது, மே 22 வாக்கில் வெடிப்பும் ஓய்ந்தது. வெடிப்பை ஓட்டிக்கொண்டிருந்த இயந்திரம் அந்தப் பசால்ட் வரத்துதான். வரத்து குறைந்ததும் வெடிப்பு நின்றது என்பது ஆய்வாளர்கள் எட்டிய முடிவு.

கலப்பு வெடிப்பைத் தூண்டும் என்ற எண்ணமும் ஐஸ்லாந்திலிருந்து வலுப்பெற்றதுதான். 1875இல் அஸ்க்யா எரிமலை பெருவெடிப்பாக வெடித்ததை ஆராய்ந்து, ரியோலைட் அறைக்குள் பசால்ட் புகுந்து சூடேற்றி வாயுவைப் பிரித்ததே வெடிப்புக்குக் காரணம் என்று ஸ்பார்க்ஸ், சிகுர்ட்சன், வில்சன் மூவரும் 1977இல் எழுதினார்கள். பிலிப்பைன்ஸின் பினாடுபோவிலும் 1991இல் அதே மாதிரி. பெருவெடிப்பு ஜூன் 15. அதற்குச் சுமார் ஒரு வாரம் முன்னால் உச்சியில் மெதுவாகப் பிதுங்கிய சிறு குவிமாடம் ஆண்டிசைட். அதற்குள் பசால்ட் திட்டுகள். பின்னால் பெருவெடிப்பில் வந்ததோ டேசைட். கலந்த குழம்பு முன்னோடியாக வந்துவிட்டது, கலக்காத பெரும்பகுதி பின்னால் வந்தது.

இங்கிருந்து ஒரு பெரிய கேள்வி கிளம்புகிறது. பசிபிக் பெருங்கடலைச் சுற்றிய எரிமலைகளில் ஆண்டிசைட் ஏராளம். சிலிக்கா 57 முதல் 63 வரை உள்ள இந்தப் பாறை, ஆழத்தில் ஆண்டிசைட் குழம்பாகவே இருந்ததா? படிகங்கள் வளரும்போது அவற்றுக்குள் குழம்பின் சிறு துளிகள் சிறைப்படுவதுண்டு. அந்தத் துளிகள் அந்தந்த நேரத்துக் குழம்பின் உண்மையான மாதிரி. ஆண்டிசைட் பாறைகளின் படிகங்களில் இந்தத் துளிகளை அளந்து தொகுத்துப் பார்த்தபோது, பசால்ட் பக்கம் நிறைய, ரியோலைட் பக்கம் நிறைய, நடுவில் ஆண்டிசைட் அளவில் மிகக் குறைவு என்று தெரியவந்தது. ரியூபி, பிளண்டி இருவரும் 2009இல் இதை முன்வைத்தார்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து ஹூட் மலையும் இதையே காட்டுகிறது. அது பல லட்சம் ஆண்டுகளாகச் சலிக்காமல் ஒரே மாதிரி ஆண்டிசைட்டைக் கக்குகிறது. படிகங்களைப் பிரித்துப் பார்த்தால், சிலிக்கா 50ஐ ஒட்டிய ஒரு குழம்பும் 70ஐ ஒட்டிய ஒரு குழம்பும் தெரிகின்றன. ரியோலைட் பக்கத்துக் குழம்பு கெட்டியாக இருப்பதால் தனியாக மேலே வர முடியாமல் கிடக்கிறது. பசால்ட் வந்து கலந்தால்தான் கிளம்புகிறது. அதனால் முனைகள் வெளியே வருவதே இல்லை, நடுத்தரம் மட்டும் வருகிறது.

எல்லா ஆண்டிசைட்டும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆழத்தில் நீர் மிகுந்த பசால்ட் குளிர்ந்து ஆண்டிசைட் குழம்பாக முடியும் என்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஓர் ஆண்டிசைட்டின் மொத்தப் பகுப்பாய்வை ஒரு குழம்பின் வேதியியலாக எடுத்துக்கொண்டு வெப்பமும் அழுத்தமும் கணக்கிடுவதற்கு முன்னால், அப்படியொரு குழம்பு இருந்ததற்குப் படிகங்களில் சாட்சி உண்டா என்று பார்ப்பது அவசியம். இல்லாத குழம்புக்கு வெப்பநிலை கணக்கிட்டு என்ன பயன்?

கலப்பு வேறுபாட்டை அழிக்கும் என்று தொடக்கத்தில் சொன்னதற்குப் பசால்ட்டிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. ஐஸ்லாந்துப் பசால்ட்டுகளில் மக்னீசியம் மிகுந்த ஒலிவின், அதாவது சூடு அதிகமாக இருந்தபோது முதலில் வளர்ந்த ஒலிவின், சிறைப்பிடித்த துளிகளை அளந்தால் அவற்றின் அரிய மண் தனிமங்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன. ஒரே எரிமலையின் பசால்ட்டுகளை வெளியே அளந்தால் இத்தனை வேறுபாடு தெரியாது. மக்னீசியம் குறையக் குறைய, அதாவது குழம்பு குளிரக் குளிர, துளிகளுக்கிடையே வேறுபாடு சுருங்கிக்கொண்டே வருகிறது. மூடகம் பல ஆழங்களில் பலவிதமாக உருகி அனுப்பிய குழம்புகள் மேலே வரும் வழியில் கலந்து கலந்து ஒன்றாகிவிட்டன. தொடக்கத்து வேறுபாடு ஒலிவினுக்குள் பத்திரமாக மாட்டிக்கொண்டதால் மட்டும் நமக்குத் தெரிகிறது. நிறத்தில் பட்டை, கரிய திட்டு என்று எதுவும் இல்லாத சாதாரணப் பசால்ட்டும் கலப்புப் பாறையாக இருக்கலாம்.

நீங்கள் ஒரு தரவுத் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்றால், நான் செய்யும் வரிசை இது. முதலில் சிலிக்காவுக்கு எதிராக நிக்கலும் குரோமியமும். வளைந்து சரிந்தால் படிகம் பிரிதல் முந்துகிறது, கோடு நேராக நின்றால் கலப்பை நினைக்கலாம். ஒரு தனிமத்தில் மட்டும் நேர்கோடு வந்தால் நம்ப வேண்டாம். எல்லாத் தனிமங்களிலும் ஒரே பாறைக்கு ஒரே கலப்பு விகிதம் வருகிறதா என்று பாருங்கள். நிக்கல் 50 சதவீதம் பசால்ட் என்றும் பொட்டாசியம் 30 சதவீதம் என்றும் சொன்னால், கலப்போடு வேறு ஏதோ சேர்ந்து நடந்திருக்கிறது. பெரும்பாலும் கலப்பும் படிகம் பிரிதலும் கூடவே நடக்கும். பிறகு பாறைச் சீவலில் பிளாஜியோகிளேஸின் ஓரத்தைப் பாருங்கள், குவார்ட்ஸும் ஒலிவினும் எங்கே எந்த உறையோடு கிடக்கின்றன என்று பாருங்கள். இரண்டு முனைகளும் ஒரே மூலத்திலிருந்து வந்தவையா, ஒன்று மேலோட்டிலிருந்து வந்ததா என்பதைச் சொல்ல ஐசோடோப்பு தேவைப்படும். செலவு அதிகம் என்பதால் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். எய்யாஃபியாத்லயோகுல்போல நாள்வாரிச் சாம்பல் கிடைக்கும் வாய்ப்பு இருந்தால், அதை ஒன்றாகச் சேர்த்து அரைத்துவிடாமல் துகள் துகளாக அளக்கச் சொல்லுங்கள்.